இடுப்பு மூட்டு மாற்றம்: முடக்குவாத நோயாளிகள் கவனத்திற்கு

முடக்குவாதத்தால் தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதிலாகச் செயற்கை மூட்டு பொருத்தும் சிகிச்சையை 1962-இல் இங்கிலாந்தில் டாக்டர் ஜான் சார்ன்லி செம்மைப்படுத்தினார். இன்று புதுச்சேரி ஜிப்மரிலும் அது செய்யப்படுகிறது.

வாசகர்களே! முடக்குவாத நோயாளிகளுக்குக் கிருமித் தொற்று, மூட்டு நழுவுதல், எலும்பு முறிவு ஆகிய ஆபத்துகள் சற்று அதிகம். நோயும் ஸ்டீராய்டு மருந்தும் எதிர்ப்புச் சக்தியையும் எலும்பையும் நலிவிப்பதே காரணம். அதற்கஞ்சி மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென விடுவது உயிருக்கே ஆபத்து. எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதை மருத்துவரே கூறட்டும்.

கழுத்தெலும்பும் தளர்ந்திருக்கக்கூடும், மயக்க மருந்துக்கு முன் அதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பல் சொத்தை, தோல் புண்களை முன்பே குணப்படுத்துங்கள்.

சிகிச்சைக்குப் பின் தரையில் குந்தாதீர்கள். இயலாதோர் நாற்காலியில் அமர்ந்து, ருகூவையும் ஸஜ்தாவையும் சைகையால் நிறைவேற்ற மார்க்கம் சலுகை தந்துள்ளது. காய்ச்சலோ, காயத்தில் கசிவோ கண்டால் அன்றே மருத்துவமனைக்கு விரையுங்கள்.