சிறுநீர்க் கசிவும் வசதியான உடையும்

இருமும்போது, சிரிக்கும்போது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது சிலருக்குச் சிறுநீர் கசிந்துவிடும். வேறு சிலருக்கு அவசரம் வந்தால் மலசலகூடம் வரை போய்ச் சேர முடிவதில்லை. பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மார், வயது சென்றவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், புரஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்கள் ஆகியோரிடம் இது கூடுதலாகக் காணப்படும். இது ஓர் உடற்கோளாறு; வெட்கப்பட வேண்டிய குற்றம் அன்று.

சொந்த வளவில் கிணறும் தனி அறையும் இருந்தபோது இதை மறைத்துச் சமாளிக்க முடிந்தது. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் இருக்கும்போது அது கடினம். மலசலகூடம் தூரத்தில் இருக்கும். அங்கும் வரிசை நிற்கும். இதனால் பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். பின்னர் தோட்ட வேலைக்கும் கூட்டங்களுக்கும் போவதை நிறுத்தி, ஒரு மூலையில் இருந்துவிடுகிறார்கள். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கடுமையாகி, சிறுநீர்ப்பையை உறுத்தி, அவசரத்தைக் கூட்டும். தண்ணீரைக் குறைப்பதை விட உடையை மாற்றுவதே நல்லது.

விரைவாக அகற்றக்கூடிய உடை

உடையைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது, அதை ஒரு கையால் உடனே உயர்த்தவோ இறக்கவோ முடியுமா என்பதாகும். பெண்களுக்குத் தளர்வான சட்டையும், இடுப்பில் இலாஸ்ரிக் போட்ட பாவாடையும் வசதியானவை. இறுகக் கட்டிய பாவாடை நாடா வயிற்றை அழுத்தும். அவசரத்தில் முடிச்சும் அவிழாது. நாடாவை எடுத்துவிட்டு இலாஸ்ரிக் கோர்த்துக்கொள்ளலாம். ஆண்களுக்குச் சாரம் மிகவும் ஏற்றது. களிசான் அணிய வேண்டியவர்கள் இறுக்கமான பட்டியையும் பல தெறிகளையும் தவிர்க்க வேண்டும்.

துணியும் நிறமும்

உடலோடு படும் துணி பருத்தியாக இருப்பது நல்லது. நைலோன் துணி வெப்பத்தையும் ஈரத்தையும் தோலோடு வைத்திருக்கும். நிவாரணமாகக் கிடைத்த உடுப்பு என்ன துணி என்று தெரியாவிட்டால், ஒருமுறை தோய்த்துக் காய்ந்தபின் ஒரு துளி நீர் விட்டுப் பார்க்கலாம். பருத்தியில் நீர் விரைவில் ஊறும். நைலோனில் பெரும்பாலும் துளியாக நிற்கும். ஈரம் வெளியே தெரியாதிருக்கக் கடும் நிறமும் சிறு பூப்போட்ட துணியும் உதவும். சாம்பல் நிறத்தில் சிறு ஈரமும் தெரியும்.

துணிப்பட்டை

பழைய பருத்திச் சேலையை அல்லது துவாயைப் பல மடிப்பாகத் தைத்து உள்ளாடைக்குள் வைக்கலாம். ஆறேழு பட்டைகள் இருந்தால் மாற்றித் தோய்க்க வசதி. நனைந்தவுடன் மாற்ற வேண்டும். பொலித்தீனை உடம்போடு சேர்த்துக் கட்டக்கூடாது. தோல் அவிந்து புண்ணாகும். இரவில் அதைப் பாயின் மேல் விரித்து, அதன்மேல் தடித்த துணி போட்டுப் படுக்கலாம். மூடியுள்ள வாளி ஒன்றை அருகில் வைத்தால் இருட்டில் நடக்க வேண்டியதில்லை. வெளியே போகும்போது ஒரு மாற்றுடுப்பும் இரண்டு பட்டைகளும் ஒரு பையில் இருக்கட்டும்.

தோய்த்தலும் சுத்தமும்

நனைந்த துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பின்னர் சவர்க்காரம் போட்டுத் தோய்க்க வேண்டும். கடைசி அலசலில் சிறிது வினாகிரி சேர்த்தால் மணம் குறையும். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைச் சிறுநீர் ஊறிய துணியில் போடக்கூடாது. நச்சு வாயு எழும். பட்டைகளை வெட்கத்தால் கொட்டிலுக்குள் மறைத்துக் காயவிடாமல் நல்ல வெயிலில் காயவிடுங்கள். தோலைத் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, மெல்லிதாக வசலின் பூசலாம்.

வைத்தியரிடம் சொல்லுங்கள்

உடை சங்கடத்தைக் குறைக்குமே தவிர நோயைத் தீர்க்காது. சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி, ஐந்து வரை எண்ணித் தளர்த்தும் பயிற்சி பலருக்கு உதவும். ஒரு வேளைக்கு 10 தடவையாக நாளுக்கு 3 வேளை செய்யலாம். பலன் தெரிய 3 மாதமளவில் செல்லும். எரிவு, காய்ச்சல், இரத்தம் காணப்பட்டால் தாமதிக்காமல் வைத்தியரைக் காண வேண்டும். சிறுநீர் முற்றாக அடைத்து அடிவயிறு நோகுமாயின் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வைத்தியரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் பேசலாம்.

வீட்டிலுள்ளோருக்கும் ஒரு வார்த்தை. அம்மம்மா கூட்டத்துக்கு வர மறுத்தால், பாயை ஒளித்து வைத்தால், கேலி செய்யவோ ஏசவோ வேண்டாம். அவருடைய பாவாடைக்கு ஓர் இலாஸ்ரிக் கோர்த்துக் கொடுங்கள். மலசலகூட வரிசையில் அவரை முன்னே விடுங்கள். ஊரையும் நிலத்தையும் விட்டு வந்த ஒருவர், நாலு பேரோடு இருந்து கதைக்கும் மகிழ்ச்சியையும் இதனால் இழக்க நாம் விடக்கூடாது.