பெயர் வைக்கும் முன்பே வீடு போய்விடலாமா?

'புதிய உயிரினம் கண்டுபிடிப்பு' என்ற செய்தியைப் பார்த்தால், ஏதோ பெரிய விலங்கு கிடைத்திருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். இன்று நாம் பேசப்போவது சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஓர் உயிரைப் பற்றி. அதற்குப் பெயர் சூட்டியவர்களில் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் உண்டு.

அது ஒரு கடற்பஞ்சு. பெயரில் பஞ்சு இருந்தாலும் செடியல்ல, விலங்குதான். மூளை இல்லை, இதயம் இல்லை, வயிறும் இல்லை. உடம்பெல்லாம் நுண்துளைகள். துளை வழியே தண்ணீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணிய உணவை வடிகட்டி உண்டு, மீதி நீரை வெளியே விடும். இருந்த இடத்தைவிட்டு நகராது.

இதன் இருப்பிடம் ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையில், பசிபிக் கடலுக்கு அடியில் சுமார் 4,000 மீட்டர் ஆழம். அங்கே வெளிச்சமே கிடையாது. நீரின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல் 400 மடங்கு. தரையெல்லாம் சேறு. அதன்மேல் உருளைக்கிழங்குபோல் உலோக உருண்டைகள் கிடக்கின்றன. ஒட்டி வாழக் கெட்டியான இடம் வேண்டிய இந்தக் கடற்பஞ்சுக்கு அந்த உருண்டைதான் வீடு.

சரி, புதிய இனம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? கண்ணால் பார்த்தால் போதாது. உடலின் சதையைக் கரைத்தால் உள்ளே எலும்புபோல் தாங்கி நிற்கும் நுண்ணிய ஊசிகள் மிஞ்சும். அவற்றின் வடிவத்தையும் அளவையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மரபணுவை ஒப்பிட வேண்டும். முன்பு பெயரிடப்பட்ட இனங்கள் எதனோடும் பொருந்தவில்லை என்று உறுதியான பிறகே விளக்கம் எழுதி ஆய்விதழில் வெளியிடுவார்கள். மாதிரி ஒன்று அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்தப்படும். அந்தக் கட்டுரைதான் அதன் பிறப்புச் சான்றிதழ்!

அப்படி 2017ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லிம் சுவீ செங்கும், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஹெலினா விக்லுண்டும் மற்ற ஆய்வாளர்களும் சேர்ந்து வைத்த பெயர் 'பிளெனாஸ்டர் கிரெய்கி'. உடலில் நட்சத்திர வடிவ ஊசிகள் நிறைந்திருப்பதால் பிளெனாஸ்டர். ஆய்வுப் பயணங்களுக்குத் தலைமை வகித்த ஹவாய் விஞ்ஞானி கிரெய்க் ஸ்மித்தைச் சிறப்பிக்கக் கிரெய்கி.

இதில் வியப்பு என்ன தெரியுமா? இது அபூர்வ உயிரல்ல. அப்பகுதியின் கிழக்கே உருண்டைகளில் ஒட்டி வாழும் விலங்குகளில் மிக அதிகமாகக் காணப்படுவதே இதுதான். அதற்கே 2017 வரை பெயர் இல்லை! 2023ல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, அந்த வட்டாரத்தில் வாழும் 5,578 இனங்களில் பத்தில் ஒன்பதுக்கு இன்னும் பெயரில்லை.

பெயர் இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். அந்த உருண்டைகளில் நிக்கல், கோபால்ட், செம்பு, மாங்கனீஸ் இருக்கின்றன. மின்கலங்களுக்கு வேண்டிய உலோகங்கள் இவை. நிலத்தில் காட்டை அழித்துச் சுரங்கம் தோண்டுவதைவிடக் கடலடியில் எடுப்பது மேல் என்பது ஒரு சாராரின் வாதம். சிங்கப்பூரும் இதில் பார்வையாளர் அல்ல. ஓஷன் மினரல் சிங்கப்பூர் நிறுவனம் 2015ல் அனைத்துலகக் கடற்படுகை ஆணையத்துடன் ஆய்வு ஒப்பந்தம் செய்தது. பரப்பளவு 58,000 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப்போல் ஏறக்குறைய 80 மடங்கு! இந்தக் கடற்பஞ்சு அந்தப் பகுதியிலும் வாழ்கிறது.

உருண்டையை அள்ளினால் அதில் குடியிருப்பதும் சேர்ந்தே போகும். வேறு வீடு தேடலாம் என்றால், ஓர் உருண்டை சில மில்லிமீட்டர் வளரவே பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். அங்கே 1979ல் ஒரு சோதனை இயந்திரம் ஓடிய தடம் 44 ஆண்டுகளுக்குப் பிறகும் அழியவில்லை என்று 2025ல் வெளியான ஆய்வு சொல்கிறது. சில உயிர்கள் திரும்பத் தொடங்கியுள்ளன என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

பாதிப்பு எவ்வளவு, மீட்சி எவ்வளவு என்று அளக்க, முதலில் எது எது இருந்தது என்ற கணக்கு வேண்டும். பெயரில்லாததை எப்படிக் கணக்கில் எழுதுவது? ஓர் ஆய்வாளர் பார்த்ததும் மற்றவர் பார்த்ததும் ஒன்றுதானா என்று எப்படிச் சொல்வது? எளிதில் அடையாளம் காணக்கூடிய இந்தக் கடற்பஞ்சு, சுரங்கப் பாதிப்பைக் கண்காணிக்க உதவும் என்று அதற்குப் பெயரிட்டவர்களே கூறியிருக்கிறார்கள்.

உலோகம் நமக்கு வேண்டும்தான். கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் குடியிருப்பவர் யார் என்று விசாரிக்காமல் ஒரு வீட்டை இடிப்பது முறையா? சிந்தித்துப் பாருங்கள், நேயர்களே.