சிரட்டைத் தாளமும் சிலந்திக் கதையும்



பிறநாட்டு மக்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு சொல்லிக்கொடுக்கலாம் என்று எண்ணும்போது என் மனத்தில் முதலில் வந்து நிற்பது ஒரு சொல். அதனைத் தேடி நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் பாடசாலை முற்றங்களிலும் கேட்கலாம். நிறம் சற்றுக் கூடிய பிள்ளையை, தலைமுடி சுருண்ட பிள்ளையை, மற்றப் பிள்ளைகள் ‘காப்பிலி’ என்று கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவருக்கும் அதன் பொருள் தெரியாது, கூப்பிடப்படுகிறவருக்கும் தெரியாது. அது ஓர் ஏச்சு என்பது மட்டும் இருவருக்கும் தெரியும்.

தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இச்சொல் வந்த வழியைச் சற்று நோக்குகிறேன். அரபு மொழியில் ‘காபிர்’ என்றால் தம் மார்க்கத்தை ஏற்காதவர் என்பது பொருள். கிழக்கு ஆபிரிக்கக் கரையில் வணிகம் செய்த அரபியர், இஸ்லாத்தைத் தழுவாத அந்நாட்டவரை இப்பெயரால் குறித்தனர். அவர்களிடமிருந்து போர்த்துக்கேயர் அதனைக் கடன்வாங்கினர். போர்த்துக்கேயரின் கப்பல்களில் அச்சொல்லும் வந்தது. அச்சொல்லால் குறிக்கப்பட்ட மனிதரும் வந்தனர். நாம் அதைக் ‘காப்பிரி’ என்றோம். பேச்சிலே ‘காப்பிலி’ என்றாக்கினோம். மதத்தைக் குறித்த சொல் நிறத்தைக் குறிக்கும் சொல்லாகி, கடைசியில் வசையாக வந்து நிற்கிறது. தென்னாபிரிக்காவில் இதே சொல்லின் ஆங்கில வடிவத்தை ஒருவர்மீது வீசினால் நீதிமன்றம் செல்ல நேரிடும்.

இந்த வசையைத் தடியால் நிறுத்த முடியாது. சொல்லுக்குப் பின்னாலிருக்கும் மனிதரைப் பிள்ளைக்குக் காட்டினால் அது தானாக நின்றுவிடும். அதற்கு வழி கதை, கைவேலை, பாட்டு, விளையாட்டு என்பவையே. இன்றைய பேச்சின் பொருளும் இதுதான்.

அமெரிக்காவில் கார்ட்டர் வூட்சன் என்ற ஆசிரியர் இருந்தார். 1875 இல் பிறந்தவர். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோரின் மகன். பாடநூல்களில் தம் மக்களுக்கு இடமே இல்லை என்பதைக் கண்டு, 1926 பெப்ரவரியில் கறுப்பின மக்களின் வரலாற்றுக்கென ஒரு வாரத்தை வகுத்தார். 1976 இல் அது மாதமாக விரிந்தது. பிரித்தானியாவில் 1987 முதல் ஒக்ரோபர் மாதத்தில் கொண்டாடுகிறார்கள். கனடியப் பாராளுமன்றம் 1995 இல் பெப்ரவரியை ஏற்றுக்கொண்டது. அதே பாராளுமன்றம் 2016 இல் ஜனவரியைத் தமிழ் மரபுரிமை மாதமாக ஏற்றது. ஆகவே, ரொறன்ரோவில் வளரும் நம் பேரப்பிள்ளை ஜனவரியிலே பொங்கல் பானைக்கு வர்ணம் தீட்டிவிட்டு, பெப்ரவரியிலே ஆபிரிக்கக் கதை கேட்கிறது. பாடசாலையிலே அக்கதையைக் கேட்ட பிள்ளை, வீட்டுக்கு வந்து தாத்தா வாயிலிருந்து ‘காப்பிலி’ என்ற சொல்லைக் கேட்டால் என்ன நினைக்கும்? இது கடல் கடந்த சங்கதி அல்ல. நம் வீட்டுச் சங்கதி.

இனி, இங்கே எப்படித் தொடங்குவது? பலரும் சங்கிலியிலிருந்தும் சவுக்கடியிலிருந்தும் தொடங்குவார்கள். அது சரியன்று. அடிமைத்தனம் அம்மக்களுக்கு நேர்ந்த கொடுமை. அது அவர்களுடைய வரலாற்றின் தொடக்கம் அன்று. முதலில் துன்பத்தைக் காட்டினால் பிள்ளையின் மனத்தில் இரக்கம்தான் பிறக்கும். இரக்கத்துக்கும் மதிப்புக்கும் வெகுதூரம். ஆகவே, பிள்ளைக்குத் தெரிந்த பொருளிலிருந்து தொடங்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த பொருள் பனை. யாழ்ப்பாணத்துக்கே உரியதென நாம் கருதும் பனைக்கு ஆபிரிக்காவிலே உடன்பிறப்பு உண்டு. சகாராவுக்குத் தெற்கே பல நாடுகளில் அப்பனை வளர்கிறது. அங்கேயும் அதன் ஓலையில் பாய் இழைக்கிறார்கள், பெட்டி பின்னுகிறார்கள், கள்ளும் இறக்குகிறார்கள். இதைச் சொன்னவுடன் எங்கள் பிள்ளைகளின் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன். பனை உள்ள ஊர் அந்நிய ஊராக இருக்க முடியாதல்லவா?

அடுத்தது விளையாட்டு. நம் பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழு குழி. கானா நாட்டின் ‘ஓவாரே’யில் பக்கத்துக்கு ஆறு குழி, குழிக்கு நாலு காய். விதைத்துக்கொண்டு போய் அறுவடை செய்வது இரண்டிலும் ஒன்றே. அடிமைகளாக ஏற்றப்பட்டவர்கள் கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. ஆனால் இந்த ஆட்டத்தை நினைவில் கொண்டுபோனார்கள். கரிபியன் தீவுகளில் அது ‘வாரி’ என்ற பெயரில் இன்றும் ஆடப்படுகிறது. அங்கே அதற்குக் காயாகப் பயன்படுவது எது தெரியுமா? நம் கடற்கரை வேலியோரங்களில் முட்கொடியில் காய்க்கும் கழற்சிக்காயின் விதை! சங்ககாலப் பெண்கள் மணல்மேட்டில் ஆடிய கழங்கும் இதுவே. நிலத்தில் பன்னிரண்டு குழி கிண்டி, நாற்பத்தெட்டுக் கழற்சி விதையோ புளியங்கொட்டையோ கொடுத்துவிட்டால் போதும்; ஒரு சதமும் செலவில்லாத வரலாற்றுப் பாடம் அது.

மூன்றாவது கதை. கானாவின் அக்கான் மக்கள் சொல்லும் அனான்சி என்ற சிலந்தியின் கதைகளைப் பிள்ளைகள் ஒருமுறை கேட்டால் விடமாட்டார்கள். ஒரு காலத்தில் உலகத்துக் கதைகள் எல்லாம் வானத்துத் தெய்வமான நியாமேயின் பெட்டிக்குள் கிடந்தனவாம். அனான்சி அவற்றை விலைக்குக் கேட்டது. மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக்கூட்டம், கண்ணுக்குப் புலப்படாத வனமோகினி ஆகியவற்றைப் பிடித்து வந்தால் தருவேன் என்றது தெய்வம். அனான்சியோ சிறு பூச்சி. ஆனால் அதற்கு மூளை இருந்தது. அதைவிட மூளையுள்ள மனைவியும் இருந்தாள். அவள் சொற்படி அது ஒரு நீண்ட மட்டையைத் தூக்கிக்கொண்டு, “இது நீளமா, பாம்பார் நீளமா” என்று தனக்குத்தானே வழக்காடிக்கொண்டு போனது. பெருமைக்கு ஆசைப்பட்ட பாம்பு மட்டையின் மேலே நீட்டிப் படுத்தது. பிறகென்ன? தலையிலிருந்து வால்வரை கட்டிவிட்டது! குளவிகளின் மேலே தண்ணீரைத் தெளித்து, “மழை வருகுது, இந்தச் சுரைக்குடுவைக்குள் ஒதுங்குங்கோ” என்று கூப்பிட்டு வாயை அடைத்தது. இப்படி ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் கொடுத்துக் கதைகளையெல்லாம் வாங்கியது.

இந்தச் சிலந்தி கடல் கடந்து யமேக்கா சென்றது. கரும்புத் தோட்டத்து இருட்டில், வலியோரைப் புத்தியால் வெல்லும் எளியோரின் கதையாக அது சொல்லப்பட்டபோது அதற்குப் புதுப்பொருள் பிறந்தது. நம்முடைய நரிக் கதைகளையும் தெனாலிராமன் கதைகளையும் அருகில் வைத்துச் சொல்லுங்கள். ‘சின்னவன் ஏன் எல்லா ஊர்க் கதையிலும் வெல்கிறான்?’ என்று கேளுங்கள். விடையைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

நான்காவது கைவேலை. அதே அக்கான் மக்களிடம் ‘அடிங்கரா’ என்ற அச்சுச் சித்திரங்கள் உண்டு. சுரைக்குடுவை ஓட்டில் வடிவத்தைச் செதுக்கி, மரப்பட்டையை அவித்தெடுத்த மையில் தோய்த்து, துணியில் ஒற்றுவார்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பொருள் உண்டு. அவற்றுள் ‘சங்கோபா’ என்பது ஒரு பறவை. கால்கள் முன்னோக்கி நிற்க, தலை மட்டும் பின்னே திரும்பியிருக்கும். மறந்துவிட்டதைத் திரும்பிச் சென்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்பது அதன் கருத்து. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, வெட்டுமுகத்தில் வடிவத்தைச் செதுக்கி, வர்ணத்தில் தொட்டுக் கடதாசியில் ஒற்றினால் போதும். சிறு பிள்ளைகளுக்கு நீங்களே செதுக்கிக் கொடுங்கள். வர்ண ஓலைக்கீற்றுகளைக் கொண்டு அவர்களின் ‘கென்ரே’ துணியின் கோலத்தைப் பின்னலாம். அத்துணியும் ஒடுங்கிய பட்டிகளாக நெய்யப்பட்டுப் பின்பு இணைத்துத் தைக்கப்படுவதுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பொருள் சொல்லாமல் வடிவத்தை மட்டும் செய்வித்தால் அது வெறும் அலங்காரம். அதேபோல், நாடகத்தில் ஆபிரிக்கரைக் காட்டுவதற்காகப் பிள்ளையின் முகத்தில் கரி பூசாதீர்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேடைகளில் வெள்ளையர் கறுப்பரைக் கேலி செய்வதற்குக் கையாண்ட வழி அது.

இவ்வளவும் ஆன பிறகே, சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, கப்பல்களின் கதையைச் சொல்லலாம். அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து ஏறக்குறைய ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் ஆபிரிக்கர் ஏற்றப்பட்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. ஏறக்குறைய இருபது இலட்சம் பேர் கரை காணவில்லை. கூடவே, எழுந்து நின்றவர்களின் கதையையும் சொல்லுங்கள். எதியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, இந்தியாவின் அகமதுநகர் அரசைத் தாங்கி நின்று, முகலாயப் படைகளைப் பல ஆண்டுகள் தடுத்து, 1626 இல் மறைந்த மாலிக் அம்பரின் கதை எந்த வீரகாவியத்துக்கும் குறைந்ததன்று. பின்னாளில் அவுரங்காபாத் எனப்பட்ட நகரை நிறுவி, அதற்கு நிலத்தடி வாய்க்கால் வழியே தண்ணீர் கொண்டுவந்தவரும் அவரே.

ஆபிரிக்கர் நம் இலங்கைக்கும் அந்நியரல்லர். 1344 இல் இங்கு வந்த இபின் பதூதா, புத்தளம் பகுதியில் ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தினராகத் தங்கினார். கொழும்பிலே ஒரு தலைவனிடம் ஐந்நூறு அபிசீனியர் இருந்ததையும் குறித்துவைத்தார். பின்னர் போர்த்துக்கேயர் படைக்கும் வேலைக்குமாகப் பலரைக் கொண்டுவந்தனர். ஒல்லாந்தரும் பிரித்தானியரும் தொடர்ந்தனர். கொழும்புக் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் ‘அடிமைத் தீவு’ என்ற பெயர் வந்தது, ஒல்லாந்தக் கொம்பனி தன் அடிமைகளை அங்கே அடைத்துவைத்ததால்தான்.

அவர்களின் வழிவந்தோர் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழ்கின்றனர். போர்த்துக்கேய மொழி கலந்த அவர்களின் பேச்சு இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது; பாட்டில் மட்டும் தங்கியிருக்கிறது. ‘மஞ்சா’ எனப்படும் அப்பாட்டு மெல்லத் தொடங்கி, போகப்போக வேகம் கொள்ளும். மேளத்தோடு இரண்டு சிரட்டைகளும், போத்தலும் கரண்டியுமே பக்கவாத்தியம். பைலா இசையின் துள்ளலில் இவர்களுக்கும் பங்குண்டு. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’க்குத் தாளம் போடாத கலியாண வீடு நம்மிடம் உண்டா? அத்தாளத்தைப் போட்ட கையாலேயே ‘காப்பிலி’ என்று சுட்டுகிறோம். சிரட்டைகளை உரஞ்சித் துப்புரவாக்கிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மெல்லத் தொடங்கி விரைவாக முடிக்கச் சொல்லுங்கள். யாருடைய தாளம் இது என்பதையும் சொல்லுங்கள்.

இப்பாடத்தை நடத்தும்போது ஒரு மாணவன் எழுந்து, “சேர், எங்கட ஊரிலயும் அடிமையள் இருந்தவையோ?” என்று கேட்டான். வகுப்பு அமைதியாகிவிட்டது. இருந்தார்கள் என்றே விடை சொன்னேன். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றித் தனிப்பகுதியே உண்டு. யாழ்ப்பாணத்தில் தமிழரே தமிழரை அடிமை கொண்டிருந்தனர். தஞ்சைப் பகுதியில் பஞ்சம் வந்த 1659-61 காலத்தில் ஒல்லாந்தர் பசித்த தமிழரை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றினர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல். அமெரிக்காவில் 1865 இல். சட்டம் ஒழிந்தாலும் வழக்கம் ஒழியவில்லை. பாடசாலையில் சம ஆசனம், தேநீர்க்கடையில் சம குவளை, கோயில் வாசல் என்று ஒவ்வொன்றுக்கும் போராட வேண்டியிருந்தது. மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் நின்றது 1968 இல். கே. டானியல் ‘பஞ்சமர்’ எழுதியதும் இந்த மண்ணைப் பற்றித்தான்.

சைவ மரபில் வந்த ஆசிரியன் நான். இவற்றைச் சொல்வதால் நம் பண்பாட்டுக்கு இழுக்கு என்று சிலர் குறைப்படுவதுண்டு. மறைப்பதுதான் இழுக்கு என்பது என் துணிபு. தூரத்து மக்களின் துன்பத்தைக் கேட்டுக் கண்கலங்கும் பிள்ளை, தன் ஒழுங்கையில் நடக்கும் அநீதியைக் கண்டும் காணாமலும் போனால், நாம் கற்பித்த வரலாறு ஏட்டுச் சுரைக்காயே.

ஆசிரியர்களே, பெற்றோரே, இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். ஒரு பிடி கழற்சி விதை, இரண்டு சிரட்டை, ஒரு கிழங்கு, ஒரு சிலந்திக் கதை போதும். பெப்ரவரி வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை முற்றத்தில் அந்தச் சொல் கேட்டால், சொன்ன பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் பக்கத்தில் இருத்தி, அச்சொல் எந்தக் கப்பலில் வந்தது என்று கதையைத் தொடங்குங்கள். கதை முடியும்போது அப்பிள்ளை எவ்வகைக் கேள்வி கேட்டாலும் உண்மையையே விடையாகச் சொல்லுங்கள்.