செல்போன் பேட்டரியும் வணிகர் கடமையும்

மளிகைக் கடை என்றால் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று இருந்த காலம் மாறிவிட்டது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அமைந்துள்ள நமது அட்டுவம்பட்டியிலும் சோப்பு, சீப்போடு சார்ஜரும் பவர் பேங்கும் கேட்டு வாடிக்கையாளர் வருகிறார்கள். விற்றுக் காசைக் கல்லாவில் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருக்க முடியாத சரக்கு இது. பழுதான பேட்டரியும் ஒருநாள் நம் கடைக்கே திரும்பி வருகிறது. அதை என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

நம் மலை கண்ட பாடம்

கழிவைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கொடைக்கானல் முன்பே கண்டிருக்கிறது. 1983-இல் இங்கு வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் டன் கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. ஊர் மக்கள் திரண்டனர்; ஆலை மூடப்பட்டது. 2003-இல் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் 2016-இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. எடைக்குப் போட்டபோது கிடைத்த காசு எவ்வளவு, பின்னால் ஊர் கொடுத்த விலை எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வணிகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

செல்போன் பேட்டரியில் பாதரசம் இல்லை. ஆனால் கோபால்ட், நிக்கல், லித்தியம் போன்றவையும், எளிதில் தீப்பற்றும் திரவமும் உண்டு. நசுங்கினாலோ, துளைபட்டாலோ, அளவுக்கு மீறிச் சூடானாலோ உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு கிழிந்து, இரு முனைகளும் ஒன்றுபட்டுத் தானே எரியத் தொடங்கும். குப்பை வண்டியில் அழுத்தும்போது தீப்பிடிப்பது இதனால்தான். பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்துள்ளது. 2007-இல் நோக்கியா, சூடாகக் கூடியவை என்று சுமார் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது.

கடையில் கவனிக்க வேண்டியவை

விலை மலிவு என்று பெயர் தெரியாத சரக்கை வாங்க வேண்டாம். பேட்டரி மீதும் பவர் பேங்க் மீதும் இந்தியத் தர நிர்ணய முத்திரை, ஐ.எஸ். எண், பதிவு எண் மூன்றும் உள்ளனவா என்று பார்த்து வாங்குவோம். தீப்பெட்டி, மண்ணெண்ணெய், பட்டாசு இருக்கும் அலமாரியில் இவற்றை அடுக்கலாகாது. கடையைப் பூட்டிப் போகும்போது எதையும் சார்ஜில் விட்டுப் போகலாகாது.

உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் வெளியே கிடந்த போனை உடனே சார்ஜில் போடுவது கெடுதல். 0 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்த பேட்டரியில் மின்சாரம் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பழுதாகும். அறையில் வைத்துக் குளிர் விட்ட பிறகு ஏற்ற வேண்டும். அதற்காகக் கணப்பருகே வைத்துச் சூடேற்றுவதும் கூடாது.

உப்பிய பேட்டரியைக் குத்தவோ, அழுத்திப் போனுக்குள் திணிக்கவோ கூடாது. அதன் உலோக முனைகள்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் தனியே வைக்க வேண்டும். டப்பாவை இறுக மூடாமல், எரியும் பொருளுக்கு எட்ட வைப்பது நலம்.

பழையதை ஒப்படைக்கும் வழி

மத்திய அரசின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 ஆகஸ்டில் வெளியாயின. பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை இவை தயாரிப்பாளர் மீதும் இறக்குமதியாளர் மீதும் வைக்கின்றன. உபயோகிப்பவர் அதை வீட்டுக் குப்பையில் கலக்காமல், சேகரிப்போர் அல்லது மறுசுழற்சி செய்வோரிடம் தர வேண்டும். குழியில் புதைப்பதும் எரிப்பதும் விதிப்படி தடை. முறையாகப் பிரித்தால் கோபால்ட்டும் நிக்கலும் மீண்டும் பயன்படும்.

ஆகவே ஒவ்வொரு கடையிலும் ஒரு டப்பா வைப்போம். சேர்ந்ததை நாள் கணக்கில் தேக்காமல், சரக்கெடுக்கக் கீழே செல்லும்போது செல்போன் கம்பெனிகளின் சர்வீஸ் சென்டரில் கேட்டு ஒப்படைப்போம். ஒருவருக்குச் சிரமமானால் நாலு கடைக்காரர் முறை வைத்துக்கொள்ளலாம். ஏரியும் காடும் இருந்தால்தான் சுற்றுலாப் பயணி வருவார்; அவர் வந்தால்தான் நமக்கு வியாபாரம். மலையைக் காப்பது நமது முதலைக் காப்பதே ஆகும்.