கடன் கொடுக்கத் தெரிந்தவர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஆலை ஷிப்டைக் குறைத்தால், அந்தச் சேதி அருகிலுள்ள நுண்கடன் கிளைக்கு உடனே எட்ட வேண்டும். தவணை கட்டும் பல பெண்களின் வீட்டு வருமானம் அந்த ஆலைகளை நம்பித்தான் இருக்கிறது. ஒருவரின் பழைய கடன்களைக் கணினி காட்டிவிடும். அவர் கணவருக்கு ஓவர்டைம் நின்றுபோனதைக் காட்டாது. அதைத் தெருவில் விசாரித்துத் தெரிந்துகொள்பவரே நல்ல கிளை மேலாளர்.

தலைமை தடுமாறினால் கிளையும் தடுமாறும். 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். நுண்கடன் நிறுவனம் ஆரவாரமாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. அக்டோபரில் அதன் தலைமைச் செயல் அதிகாரி நீக்கப்பட்டார். அதே மாதம் ஆந்திர அரசு நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டம் கொண்டுவர, அங்கே வசூல் சரிந்தது. ஒரே வாடிக்கையாளருக்குப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்ததற்கான விலை அது.

சென்னையில் 2007இல் ஈக்விடாஸ் நுண்கடன் நிறுவனத்தைத் தொடங்கிய பி.என். வாசுதேவன், சோழமண்டலம் நிறுவனத்தில் அனுபவம் பெற்றவர். ஆந்திர நெருக்கடிக்குப் பின் ஈக்விடாஸ் பழைய லாரிகளுக்கான கடனிலும் இறங்கியது. 2016இல் சிறு நிதி வங்கியானது. இதில் அதிர்ஷ்டத்தைவிட நிர்வாகத்துக்கே பங்கு அதிகம்.

நுண்கடன் வாங்கும் ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அடுத்த கடனுக்குக் கையெழுத்திடும் முன், நீங்களும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.