கூட்டிட்டு வந்தது யாரு?

நம் பாளையங்கோட்டைப் பக்கம் முருகன்குறிச்சியிலோ வண்ணார்பேட்டையிலோ சாயங்கால நெரிசலில் ஒரு பைக் சறுக்கி விழுந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். முதலில் வண்டியைத் தூக்கி நிறுத்துவார்கள். ஒருவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைப்பார். இன்னொருவர் பெட்டிக்கடையில் சோடா வாங்கிவந்து முகத்தில் தெளிப்பார். சிதறிக் கிடக்கும் செருப்பு, டிபன் பாக்ஸ், செல்போன் எல்லாம் ஓரமாகச் சேர்ந்துவிடும். அடிபட்டவர் தானாக எழுந்து உட்கார்ந்தால் சரி. எழவில்லை என்றால்தான் கூட்டம் மெல்லப் பின்வாங்கும். "நமக்கு எதுக்குவே வம்பு, நாளைக்கு கோர்ட்டு கேஸுன்னு அலையணும்" என்று ஒரு குரல் வரும்.

அந்தக் கூட்டத்துக்கு இரக்கம் இல்லை என்று சொல்லமாட்டேன். சோடாவுக்குக் காசு கொடுத்தவர் அதை யாரிடமும் கேட்கப் போவதில்லை. கையைக் கட்டிப்போடுவது பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது, இன்றைக்கும் அதில் உண்மை இருக்கிறதா என்று டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் டாக்டர் ஒரு பதிவேட்டில் விவரம் எழுதுவார். விபத்துப் பதிவேடு என்று பெயர்; ஆஸ்பத்திரியில் 'ஏ.ஆர்.' என்பார்கள். என்ன காயம், எத்தனை மணிக்கு வந்தார், எங்கே எப்படி நடந்ததாகச் சொன்னார்கள் என்பதோடு, கூட்டிக்கொண்டு வந்தவர் யார் என்று எழுதவும் அதில் இடம் உண்டு. போலீசுக்கும் தகவல் போகும். பின்னால் இழப்பீடு கேட்கும்போது குடும்பத்தார் அலைந்து வாங்குவதும் இந்த ஏ.ஆர். காப்பியைத்தான்.

நம் பயம் முழுக்க 'கூட்டிட்டு வந்தது யாரு' என்கிற அந்த ஒரு வரியில்தான் குடியிருக்கிறது. பெயரை எழுதிவிட்டால் ஸ்டேஷனிலிருந்து முதல் போன் நமக்குத்தான் வரும்; 'நீங்கதான இடிச்சது?' என்று கேட்பார்கள். பிறகு சாட்சி, சம்மன், வாய்தா. ஒரு காலத்தில் இது வெறும் கற்பனை இல்லை. உதவப் போய் அலைந்தவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். ஆகவே பயந்தவர்களைக் கேலி செய்ய வேண்டாம்.

நாம் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது வேறொன்று. விபத்து நடந்த இடத்தில் இடித்தவர், பார்த்தவர், தூக்கியவர் என்று தனித்தனியாக ஆட்கள் உண்டு. நாம் மூவரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறோம். சட்டம் அப்படிக் கட்டுவதில்லை. இடித்த வண்டியின் டிரைவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு கடமை வைத்திருக்கிறது: அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்ய வேண்டும், போலீசுக்குச் சொல்ல வேண்டும். தூக்கியவருக்கென்று தனியாக 134ஏ என்ற பிரிவு 2019 திருத்தத்தில் வந்தது. நல்லெண்ணத்தோடு உதவப் போய், அந்த உதவியிலேயே ஏதாவது கவனக்குறைவு நேர்ந்து அடிபட்டவருக்குப் பாதிப்பு கூடினாலும், அவர் உயிரே போனாலும், உதவியவர்மீது சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது.

அந்த ஒரு வரி என்ன ஆயிற்று? 2015 மே மாதம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், பெயரும் முகவரியும் சொல்வது உதவியவரின் விருப்பம் என்றது. மருத்துவமனைப் படிவத்துக்கும் அது பொருந்தும். 108க்குப் போன் செய்கிறவருக்கும் பொருந்தும். 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதற்குச் சட்ட பலம் கொடுத்தது. 2020இல் அந்த வழிகாட்டுதல் முறையான விதியாகவே வந்துவிட்டது. கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுப் பெயர் சொல்லாமல் கிளம்பினால் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

விபத்தை நாம் கண்ணால் பார்த்திருந்து, சாட்சி சொல்லவும் மனமிருந்தால்? அதற்கும் முறை உண்டு. நமக்கு வசதியான நேரத்தில், வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ, போலீஸ்காரர் சாதாரண உடையில் வந்து கேட்க வேண்டும். ஒரே தடவையில் கேட்டு முடிக்க வேண்டும். இடித்தவரைப் பிடிக்க நம் வாக்குமூலம் உதவும் என்று தோன்றினால் சொல்லுங்கள், முடிவு நம்முடையது.

இந்தச் சட்டங்கள் சும்மா வரவில்லை. ஸ்கூட்டரில் போன ஒருவர்மீது கார் மோதியது. வழியில் வந்த ஒருவர் அவரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போலீஸ் கேஸ் பார்க்க இங்கே அனுமதி இல்லை என்று சொல்லி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பரமானந்த் கட்டாரா என்பவர் பத்திரிகைச் செய்தியைப் படித்துவிட்டு உச்ச நீதிமன்றம் போனார். 1989 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காப்பாற்று, போலீஸ் நடைமுறை பிறகு. தூக்கிக்கொண்டு ஓடியவரின் பெயர் அந்தத் தீர்ப்பில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016 தீர்ப்புக்குக் காரணமான சேவ்லைஃப் ஃபவுண்டேஷனைத் தொடங்கிய பியூஷ் திவாரியும் இழப்பைச் சந்தித்தவர்தான். 2007இல் டெல்லிச் சாலையில், பள்ளிவிட்டு வந்த அவருடைய உறவுக்காரப் பையன் கேட்பாரற்றுக் கிடந்து இறந்துபோனான்.

வழியில் அடிபட்டுக் கிடந்தவரைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியனின் பைபிள் கதையைப் பாளையங்கோட்டைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் சத்திரக்காரனிடம் கைக்காசையும் கொடுத்துவிட்டுப் போனார். இன்று அதுவும் தேவையில்லை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரரானாலும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கும்போது ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். 201 அரசு மருத்துவமனைகளும் 408 தனியார் மருத்துவமனைகளும் சேர்க்கப்பட்டன. உதவியவருக்குப் பரிசும் உண்டு. 2021இல் 5,000 ரூபாயாக இருந்த மத்திய அரசின் பரிசு 2025இல் 25,000 ஆனது. பரிசு வேண்டுமென்றால் பெயர் சொல்லத்தான் வேண்டும், அது வேறு விஷயம்!

பயம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கை என்ன செய்ய வேண்டும்? நம் ஊரில் அவசரத்தில் செய்யும் ஒரு காரியத்தை முதலில் நிறுத்த வேண்டும். அடிபட்டவரை பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே உட்காரவைத்து, தலை தொங்கத் தொங்கக் கொண்டுபோகிறோம். கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், விபத்து விட்டுவைத்ததை அந்தப் பயணம் முடித்துவைக்கும். 108ஐக் கூப்பிடுங்கள். இடம் சொல்லும்போது 'பைபாஸ் பக்கம்' என்று நிறுத்தாமல், எந்தப் பெட்ரோல் பங்குக்கு எதிரே, எந்தப் பக்கமாக வரும் சாலை என்று சொல்லுங்கள்.

ஹெல்மெட்டைப் பிடுங்க வேண்டாம். முன்கண்ணாடியை மேலே தள்ளி, மூச்சு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அப்படியே விடுங்கள். மூச்சு இல்லை, அல்லது வாந்தி அடைத்திருக்கிறது என்றால் மட்டும் ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் தாங்கிக்கொள்ள, மற்றவர் மெதுவாகக் கழற்றலாம். மயங்கியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும்.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துண்டை மடித்து, காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். மாடித் தொட்டிக் குழாய் உடைந்தால் பிளம்பர் வரும்வரை கையால் பொத்திக்கொண்டு நிற்போமே, அதே வேலைதான். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணி. காயம் பட்ட பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்று மோட்டார் வாகனச் சட்டமே வரையறுத்திருக்கிறது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னுள்ள நிமிடங்களும் அதில் சேர்த்தி, அவை நம் கையில் இருக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உதவ வருகிறவரின் உரிமைகளை எழுதி, வாசலிலோ கண்ணில் படும் இடத்திலோ வைக்க வேண்டும் என்பது அரசு, தனியார் எல்லா மருத்துவமனைகளுக்கும் விதி. தமிழிலும் இருக்க வேண்டும். அடுத்து யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் வரவேற்பு மேசையில் கேளுங்கள்.