நேற்றைய வெயிலை மறவாத இலை

மத்தியான வெயிலில் மிளகாய்க் கன்று சோர்ந்து நிற்கும். மாலையில் தண்ணீர் ஊற்றினால் நிமிர்ந்துவிடும். ஆனால் பட்ட தாகத்தை அது உடனே மறப்பதில்லை.

இலையில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் சிறு துளைகள் உண்டு. இவையே இலைவாய்கள். ஒவ்வொன்றின் இருபுறமும் இரண்டு காவற் கலங்கள் உள்ளன. அவை நீரேறிப் பருத்தால் வாய் திறக்கும், தளர்ந்தால் மூடும். திறந்த வாயால் காபனீரொட்சைட்டு உள்ளே வரும். நீராவி வெளியே போகும். மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் கூடி வாயை மூடச் செய்யும்.

நினைவு எப்படி? 2021இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். வறட்சியில் இலையில் 'காபா' என்னும் பொருள் சேர்கிறது. மறுநாட் காலையில் அது மிஞ்சியிருந்தால் இலைவாய் அகலத் திறப்பதில்லை. செடிக்கு மூளை இல்லை. இந்த மிச்சமே அதன் நினைவு.

சிறிது தாகத்துக்குப் பழகிய நாற்று நடுகையைத் தாங்கும் என்பது கமக்காரர் அறிந்ததே. புதிய இடத்தில் தோட்டம் வைக்கும் நீங்களும் இதைச் செய்யலாம். மிளகாய், தக்காளி நாற்றுக்களுக்கு, பிடுங்குவதற்கு ஒரு கிழமை முன்பிருந்து தண்ணீரைச் சற்றுக் குறையுங்கள். நிழலையும் படிப்படியாக அகற்றுங்கள். பிடுங்குமுன் மேடையை நன்றாக நனைத்து, வேர் அறாமல் எடுத்து, மாலையில் நடுங்கள்.

அளவு மீற வேண்டாம். வாய் மூடியிருந்தால் நீர் மிஞ்சும்; ஆனால் செடி உணவு ஆக்குவது குறையும். பூக்கும் காலத்தில் செடியை வாட விட்டால் காய் குறையும். கிணற்றில் தண்ணீர் குறைவென்றால், உள்ளதைப் பூக்கும் செடிக்கு முதலில் கொடுங்கள்.